வாளிக்கு இரண்டு நிழல்

"ஒரு கடிகாரம் வரைங்க ஆச்சி" என்று சொல்லி அந்தப் பெண் ஒரு வெள்ளைத்தாளையும் பென்சிலையும் மேசைமேல் நகர்த்தி வைத்தபோது, ஞானவடிவு முதலில் பார்த்தது தாளையல்ல, பென்சிலை. முனை மழுங்கிய பென்சில். ஈயம் மரத்துக்குள் உள்வாங்கிக் கிடந்தது. வால்பக்கத்தை யாரோ கடித்துக் குதறியிருந்தார்கள். இதை வைத்துக்கொண்டு ஒரு நேர்கோடு போட முடியுமா. "இதைச் சீவிக் கொண்டுவா. பிளேடால் சீவு, ஷார்ப்னர் வேண்டாம். ஆச்சி என்று கூப்பிடாதே, டீச்சர் என்று சொல்" என்றாள். கழுத்தில் அட்டை தொங்கிய அந்தப் பெண் சிரித்தாள். "சும்மா டெஸ்ட்டுதான டீச்சர், மொட்டைப் பென்சிலே போதும்." சும்மா. பணிக்காலம் முழுவதும் ஞானவடிவு மல்லுக்கட்டியது இந்த ஒரு சொல்லோடுதான். சும்மா எதையாவது வரையச் சொல்லுங்க டீச்சர், பிள்ளைங்க சத்தம் போடாம இருக்கட்டும். சும்மா இருக்கிற பீரியட்தான டீச்சர், கணக்குக்குத் தாங்களேன், பரீட்சை வருது. ஆண்டுவிழா வந்தால் மட்டும் ஓவிய ஆசிரியை வேண்டும், வாசலில் கோலம் போடவும் மேடையில் எழுத்து வெட்டி ஒட்டவும். இப்போது இந்தச் சும்மாவின் மேல்தான் அவளுடைய சனிக்கிழமைகள் தொங்கிக்கொண்டிருந்தன. இந்தத் தாள் உள்ளறையில் இருக்கும் டாக்டரிடம் போகும். டாக்டர் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டால், சனிக்கிழமை காலையில் பிள்ளைகள் பழையபடி பாளையங்கோட்டை வீட்டின் முன்னறைக்கு வந்து பாயில் உட்கார்ந்து வரைவார்கள். சொல்லாவிட்டால் வரமாட்டார்கள், இனி எப்போதும் வரமாட்டார்கள். அவளுடைய ஒரே மகன் ஆசீர் அப்படித்தான் பிள்ளைகளின் பெற்றோருக்கு வாக்குக் கொடுத்திருந்தான். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறான். உள்ளே அனுப்பும்போதுகூட, "யம்மா, டாக்டருக்கே மார்க் போட்டுட்டு வந்துராதீங்க" என்று கேலி பேசினான். கேலி பேசிய வாய் சிரித்தது; கண் சிரிக்கவில்லை. முகம் வரையப் பழகியவளுக்கு அது தெரியாமல் போகுமா. எதிர்ச்சுவரில் ஓர் ஆணி இருந்தது. ஆணியைச் சுற்றிச் சுவரின் மற்ற பகுதியைவிட வெளுத்த ஒரு வட்டம். அங்கே கடிகாரம் மாட்டியிருந்திருக்கிறது. வருகிறவர்கள் பார்த்து வரைந்துவிடக் கூடாதென்று கழற்றியிருக்கிறார்கள்.

"கடிகாரம் எங்கே?" என்று கேட்டாள். "எந்தக் கடிகாரம் டீச்சர்?" "வரையச் சொன்னாயே, அந்தக் கடிகாரம். கொண்டுவந்து என் முன்னால் வை. பார்த்து வரைகிறேன்." "பாக்காம வரையணும் டீச்சர். மனசுல இருக்கறத வரையணும். அதுதான் டெஸ்ட்டே." மனசில் இருப்பதை வரைவதா. மனசில் என்னதான் இருக்கிறது? முதல் நாள் வகுப்புக்கு வரும் எந்தப் பிள்ளையிடமும் தாளைக் கொடுத்து மனசில் இருப்பதை வரையச் சொல்லிப் பாருங்கள். முக்கோணமாக இரண்டு மலை வரும். நடுவில் முள்முள்ளாகச் சூரியன். மலையிலிருந்து இறங்கும் ஆறு, ஆற்றங்கரையில் குடிசை, குடிசைக்குப் பக்கத்தில் தென்னை, மேலே குட்டிக் குட்டியாகப் பறவைகள். ஒரு பிள்ளையல்ல, ஊரில் உள்ள அத்தனை பிள்ளைகளும் அதையேதான் வரைவார்கள். அவர்களுடைய அம்மாக்களும் அதையேதான் வரைந்தார்கள். ஞானவடிவு அந்தத் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு அமைதியாகக் கேட்பாள்: எந்த ஜன்னலைத் திறந்து இதைப் பார்த்தாய்? நம் ஊரில் மலை மேற்கே இருக்கிறது, உன் சூரியன் அங்கிருந்தா உதிக்கிறது? பிள்ளை விழிக்கும். அப்புறம் ஒரு முக்காலியை நடுவில் போட்டு, அதன்மேல் ஒரு வாளியோ, செம்போ, பழைய செருப்போ வைப்பாள். மனசில் இருப்பதை வரையாதே, கண்முன் இருப்பதை வரை. வாளியின் வாய் வட்டம் என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனால் நீ உட்கார்ந்திருக்கும் இடத்திலிருந்து அது வட்டமாகவா இருக்கிறது? நன்றாகப் பார். முட்டை போலச் சப்பையாக இருக்கிறதல்லவா? அதை வரை. உன் பக்கத்தில் இருக்கிறவளுக்கு அந்தச் சப்பை இன்னும் அகலம், ஏனென்றால் அவள் உன்னைவிட உயரம். ஒரே வாளியை இருவர் ஒரேமாதிரி வரைந்தால் அவர்களில் ஒருத்தி வாளியைப் பார்க்கவில்லை, மற்றவளின் தாளைப் பார்த்திருக்கிறாள். இதைச் சொல்லிக்கொடுப்பது ஓவியர்களை உண்டாக்குவதற்கல்ல. ஒரு தலைமையாசிரியை ஒருமுறை கேட்டார், உங்கள் பிள்ளைகளில் எத்தனை பேர் ஓவியர் ஆனார்கள் என்று. கணக்கு படித்த எல்லாரும் கணக்கு மேதை ஆகிவிட்டார்களா என்று ஞானவடிவு திருப்பிக் கேட்டாள். அந்த வருஷம் முழுவதும் அவளுக்குக் கடைசி பீரியட்தான் கிடைத்தது. ஒரு வாளியை உள்ளபடி பார்க்கத் தெரிந்த பிள்ளை பிற்பாடு ஒரு மனுஷனையும் உள்ளபடி பார்க்கும், அடுத்தவர் சொன்னதை வைத்து முடிவு கட்டாது. இதை நம்பித்தான் அவள் வாழ்ந்தாள். அப்படிப்பட்டவளிடம் வந்து, பார்க்காமல் வரை என்கிறாள் இந்தச் சின்னப்பெண். "எங்கள் வகுப்பில் அது குற்றம்" என்றாள் ஞானவடிவு.

சொல்லி முடித்த பிறகுதான் அந்த வாக்கியம் தன் வாயிலிருந்து எவ்வளவு வசதியாக வந்து விழுந்தது என்பதை ஞானவடிவு கவனித்தாள். கொள்கைதான், ஐயமில்லை. ஆனால் இந்த நிமிஷத்தில் கொள்கை என்ன வேலை செய்கிறது? ஒரு மறைப்புத் தட்டியைப் போல முன்னால் நிற்கிறது. தட்டிக்குப் பின்னால் போய்ப் பார்த்தாள். கடிகாரம், கடிகாரம் என்று தனக்குள் சொல்லிப் பார்த்தாள். சொல் வந்தது, உருவம் வரவில்லை. வீட்டில் ஃபிரிட்ஜுக்கு மேலே ஒன்று மாட்டியிருக்கிறது. தினமும் பார்க்கிறாள். அது எப்படி இருக்கும்? ஃபிரிட்ஜ் தெரிந்தது, அதன் கைப்பிடியில் சுற்றிய துணி தெரிந்தது, துணியில் மஞ்சள் கறை தெரிந்தது. மேலே பார்வையை உயர்த்தினால் எதிர்ச்சுவரில் இருப்பது போன்ற வெளுத்த வட்டம். யாரோ அங்கேயும் கழற்றி வைத்துவிட்டார்கள். மறதியல்ல இது. மறதி என்றால் பெயர் மறக்கும், வைத்த சாவி மறக்கும். கொஞ்சம் முன்னால் இந்தப் பெண் கேட்டவற்றுக்கெல்லாம் பதில் சொன்னாளே. தேதியைச் சொன்னாள், காலையில் நாள்காட்டித் தாளைக் கிழித்தபோதே அதை நெட்டுருப் போட்டிருந்தாள், அது வேறு. இந்தப் பெண் மூன்று சொற்களைச் சொல்லி நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்னாள். ஞானவடிவு அவற்றைச் சொற்களாக வைக்காமல் படமாக அடுக்கிக்கொண்டாள்: ஒரு மேசை, மேசைமேல் ஓர் ஆப்பிள், ஆப்பிளின் நிழல் விழும் இடத்தில் ஒரு துட்டு. கேட்டபோது படத்தைப் பார்த்து வாசித்தாள். சபாஷ் என்றாள் பெண். ஆக, படங்கள் இருக்கின்றன. கடிகாரம் மட்டும் ஏன் இல்லை. பயம்தான் காரணம். பயந்த பிள்ளைக்குக் கை நடுங்கும், கண் இருட்டும், எத்தனை பேரைப் பார்த்திருக்கிறாள். எல்லாம் அந்தச் சனிக்கிழமையால் வந்த பயம். அந்தச் சனிக்கிழமையை அவர்கள் ஊதிப் பெரிதாக்கிவிட்டார்கள். நடந்தது என்ன? அழிரப்பர் தீர்ந்துவிட்டதென்று கடைக்குப் போனாள், வரக் கொஞ்சம் தாமதமாகிவிட்டது. யாருக்கும் நடக்கக் கூடியது. தாமதம். அவ்வளவுதான். இந்தச் சொல்லை ஆசீரிடம் சொன்னாள், பக்கத்து வீட்டுக்காரியிடம் சொன்னாள், ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஜெபத்தின்போதுகூடச் சொன்னாள். எத்தனைமுறை சொன்னாலும் அதன் மூடி சரியாகப் பொருந்தவில்லை. இடுக்கு வழியாக ஏதோ கசிந்துகொண்டே இருந்தது.

அன்று முக்காலியில் வைத்தது வாளிதான். தகர வாளி, கைப்பிடி ஒரு பக்கம் சாய்ந்து கிடக்கும்படி வைத்தாள். அந்தச் சாய்வில்தான் பிள்ளைகள் திணறுவார்கள். பாயில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள், மடியில் பரீட்சை அட்டை. நான் வந்து திருத்துகிறவரைக்கும் ஒருவரும் இடத்தைவிட்டு எழுந்திருக்கக் கூடாது, எழுந்தால் கோணம் மாறிவிடும், கோணம் மாறினால் படம் பொய்யாகிவிடும் என்று சொன்னாள். எப்போதும் சொல்வதுதான். ரப்பர் வாங்கக் கிளம்பினாள். தனியாக இருப்பவளின் வழக்கம், வாசற்கதவை இழுத்து வெளிப்பூட்டைப் பூட்டினாள், சாவியை முந்தானையில் முடிந்துகொண்டாள். தெருமுனை வரைக்கும் தெரிகிறது. கடைக்கு முன்னால் நிற்கும் தண்ணீர் லாரி தெரிகிறது. அதற்கப்புறம் தாளில் அந்தப் பகுதியை யாரோ அழித்து அழித்துப் பஞ்சாக்கி வைத்திருக்கிறார்கள். அடுத்துத் தெரிவது பழைய பள்ளிக்கூடத்து மைதானம், வேப்பமரத்தடி, சிமெண்டுப் பலகை. உட்கார்ந்திருக்கிறாள். வெயில் காலடியில் வந்துவிட்டது. மணி அடிக்கவில்லையே, எட்டாம் வகுப்புக்குப் போக வேண்டுமே, இன்றைக்கு இந்த அட்டெண்டர் எங்கே தொலைந்தான் என்ற எரிச்சல். அந்த எரிச்சல் எவ்வளவு தெளிவாக இருந்தது, இன்றைக்கும் நாக்கில் அதன் காரம் நிற்கிறது. யாரோ ஒரு காவலாள் பக்கத்தில் வந்து, "டீச்சர், இன்னைக்கு லீவு. நீங்க ரிட்டயர் ஆகி எம்புட்டு நாளாச்சு, வீட்டுக்குப் போங்க டீச்சர்" என்று சொல்லி, ஆட்டோவில் ஏற்றிவிட்டான். வீட்டு வாசலில் இறங்கினால் நடையில் சின்னச் சின்னச் செருப்புகள். யார் வீட்டுப் பிள்ளைகளின் செருப்பு இவை, நம் வாசலில் ஏன் கிடக்கின்றன என்று நினைத்தாள். இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. ஆசீரிடம் சொல்லவில்லை. ஜெபத்தில் சொல்லவில்லை. நினைத்தாள், நின்று நிதானமாக நினைத்தாள், பூட்டைத் திறந்தாள். உள்ளே மாலை வெயில். பாயில் பிள்ளைகள். ஒருவரும் எழுந்திருக்கவில்லை. ஒருத்தி பாவாடையை நனைத்துக்கொண்டு அந்த ஈரத்திலேயே உட்கார்ந்திருந்தாள். கண்ணீர் காய்ந்து உப்புப் பூத்த கன்னங்கள். அழுத சத்தம் கேட்டதென்று பக்கத்து வீட்டுக்காரி பிற்பாடு சொன்னாள். டீச்சர்தான் கண்டிச்சிருப்பாங்கன்னு நெனச்சேன் என்றாளாம். மதியம் அழைத்துப்போக வந்த பெற்றோர் தெருவில் நின்றபடியே பூட்டைப் பார்த்துவிட்டு, ஆற்றங்கரைக்கு வரைய அழைத்துப் போயிருப்பார் என்று திரும்பிப் போனார்களாம். முன்னொருமுறை அப்படிச் செய்திருக்கிறாள். அத்தனை நம்பிக்கை. அடுப்படியில் குடத்தில் தண்ணீர் இருந்தது, எழுந்துபோய் ஒரு பிள்ளைகூடக் குடிக்கவில்லை. டீச்சர் எழுந்திருக்கக் கூடாதென்று சொல்லியிருக்கிறார்கள்.

அந்தக் கணத்தில் அந்த முகங்கள் யாருடையவை என்று ஞானவடிவுக்குத் தெரியவில்லை. ஒரு மூச்சு நேரம்தான். அதற்குள் பார்வை முக்காலிமேல் இருந்த வாளிக்குப் போயிற்று, வாளியிலிருந்து மடிகளில் இருந்த தாள்களுக்குப் போயிற்று, நாக்கு தானாகப் பழைய தடத்தில் விழுந்தது. "காட்டு பார்ப்போம்" என்றாள். காட்டினார்கள். வரிசையாகத் திருத்தினாள். இந்த விளிம்பு தடிப்பு, இந்தப் பிடி மேலே ஏறிவிட்டது. கடைசியாக அனுசியாவின் தாள். ஞானவடிவிடம் முன்பு படித்த பேச்சியம்மாளின் மகள் அனுசியா. பிள்ளைகளில் கெட்டிக்காரி. வாளி அப்படியே உட்கார்ந்திருந்தது தாளில். ஆனால் நிழல்? வாளிக்கு மேற்கே ஒரு நிழல், கறுப்பாக. கிழக்கேயும் ஒரு நிழல், அதைவிட நீளமாக. இரண்டுக்கும் நடுவில் அடியில் சாம்பல் பூத்தாற்போல் ஒரு தீற்றல். "இதென்ன, வாளிக்கு இரண்டு நிழலா? எந்த உலகத்து வாளி இது? கண்ணை எங்கே வைத்துக்கொண்டு வரைந்தாய்?" பென்சிலின் கட்டையால் பிள்ளையின் விரல்முட்டியில் ஒன்று போட்டாள். அனுசியா அழவில்லை. அழுது முடித்திருந்தாள் போலும். "நெழல் நவுந்துக்கிட்டே இருந்திச்சு டீச்சர்" என்றாள். "காலைல அங்கிட்டு இருந்திச்சு. பெறவு காணாமப் போச்சு. பெறவு இங்கிட்டு வந்திச்சு. கண்ணு முன்னால உள்ளதத்தான் வரையணும்னு நீங்கதான டீச்சர் சொன்னீங்க." தாமதமாம். கிழக்கு ஜன்னலின் வெயில் மேற்கு ஜன்னலுக்கு வந்து சேரும் அளவுக்கு ஒரு தாமதம். பெற்றோர் கூச்சல் போட்டார்கள், ஆளுக்கொரு நேரம் சொன்னார்கள். பேச்சியம்மாள் வாசலில் நின்று, "எம்பிள்ளைய கொல்லப் பாத்தீங்களே டீச்சர், தீ கீ பிடிச்சிருந்தா பூட்டுன வீட்டுக்குள்ள என்ன ஆயிருக்கும்" என்று தலையில் அடித்துக்கொண்டாள். அந்தச் சத்தத்தையெல்லாம் தாங்க முடிந்தது. தாங்க முடியாதது அந்தப் படம். அத்தனை வருஷம் அவள் கற்பித்ததை அதற்குமுன் எந்தப் பிள்ளையும் அவ்வளவு முழுதாகக் கற்றுக்கொண்டதில்லை. கற்றுக்கொண்ட பிள்ளையின் விரலில் அவள் அடித்தாள். இரண்டு நிழலுக்கும் நடுவே அவள் எங்கே இருந்தாள்? தண்ணீர் லாரிக்கும் வேப்பமரத்துக்கும் நடுவே எத்தனை தெருக்களை அவளுடைய கால்கள் அவளில்லாமல் கடந்தன? தீ பிடித்திருந்தால். அடுப்பைப் பற்றவைத்துவிட்டுப் போயிருந்தால். அன்று பற்றவைக்கவில்லை என்பது அவளுக்கு எப்படித் தெரியும்? திரும்பி வந்தபோது எரியவில்லை, அதனால் தெரியும். அவ்வளவுதான் தெரியும்.

"டீச்சர்?" என்றாள் பெண். "முடிஞ்சத வரைங்க. வட்டம் போட்டு, நம்பர் எல்லாம் எழுதி, பதினொண்ணு பத்துக்கு முள்ள வைங்க." பதினொன்று பத்து. யார் சொன்னது இதை? கணக்கு டீச்சர் வகுப்பு வாசலில் நின்று கெஞ்சுகிறாள்: ஞானவடிவு டீச்சர், எனக்குக் கரும்பலகையில ஒரு கடிகாரம் போட்டுத் தாங்களேன், நான் போட்டா பூசணிக்காயா வருது, இன்னைக்கு மணி பார்க்கிற பாடம். ஒவ்வொரு வருஷமும், ஒவ்வொரு வகுப்பிலும். மூணேகால் போடுங்க டீச்சர், ஆறரை போடுங்க டீச்சர், பதினொண்ணு பத்து போடுங்க டீச்சர். ஞானவடிவு பார்த்துக்கொண்டிருந்தபோதே கை எழுந்தது. அவள் எழுப்பவில்லை. மொட்டைப் பென்சிலைச் சாய்த்துப் பிடித்து, மழுங்கிய முனையில் கூரான ஓரத்தைத் தேடிக் கண்டுபிடித்து, மணிக்கட்டை அசைக்காமல் தோளிலிருந்து ஒரே சுழற்று. தொடங்கிய புள்ளியில் வந்து முடிந்தது வட்டம். அந்தப் பெண் "அடேயப்பா" என்றது தூரத்தில் கேட்டது. மேலே ஒன்று, கீழே ஒன்று, பக்கங்களில் இரண்டு, முதலில் நான்கு எண்கள், அப்புறம் இடைவெளிகளில் இரண்டிரண்டு, இடம் பிசகவில்லை. பெரிய முள்ளைக் கை இழுத்தது. சின்ன முள்ளை இழுத்தபோது ஓர் எண்ணின்மேல் நேராக வைக்காமல் மயிரிழை தள்ளி வைத்தது. பத்து நிமிஷம் ஆகியிருக்கிறதே, சின்ன முள்ளும் கொஞ்சம் நகர்ந்திருக்க வேண்டாமா என்று ஒரு காலத்தில் கணக்கு டீச்சரோடு அவள் வழக்காடியிருக்கிறாள். அந்த வழக்கு கையில் தங்கியிருந்தது. கை வேலையை முடித்துவிட்டுப் பென்சிலைத் தாளுக்கு இணையாக வைத்தது. எஜமானி ஊரில் இல்லாதபோதும் அடுப்படியைத் துடைத்து வைக்கிற வேலைக்காரியைப் போல இருந்தது அந்தக் கை. "டீச்சர்! சின்ன முள்ளக்கூடக் கொஞ்சம் தள்ளி வச்சிருக்கீங்க! இங்க வர்றவங்க யாருமே இப்படி வரைஞ்சதில்ல. நானே இப்படி வரைய மாட்டேன்." பெண் தாளை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். ஓரத்தில் ஏதோ குறித்தாள். முழு மார்க்.

"நானும் பார்க்கிறேன், கொடு" என்று தாளைத் திரும்ப வாங்கினாள் ஞானவடிவு. திருத்துகிற கண்ணால் பார்த்தாள். கோணல் இல்லை. அழுத்தம் சீராக இருந்தது. குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஒரு வட்டம், வட்டத்துக்குள் சில எண்கள், நடுவிலிருந்து புறப்பட்ட இரண்டு கோடுகள். ஒன்று நீளம், மற்றது குட்டை. இது எதைச் சொல்கிறது? நீளமானது ஓரிடத்தைக் காட்டுகிறது, குட்டையானது வேறோரிடத்தைக் காட்டுகிறது. சரி, காட்டட்டும். காட்டினால்? எண்களை வாசிக்க முடிந்தது, கோடுகளைப் பார்க்க முடிந்தது. அவை ஒன்றுகூடி ஒரு பொழுதாக ஆகவில்லை. பதினொன்று பத்து என்று அந்தப் பெண் சொன்னதால் பதினொன்று பத்து. அவள் சொல்லாமலிருந்தால் இது என்ன? புடவைக் கரைக்குள் மறைந்திருந்த கைக்கடிகாரத்தை மெல்லத் திருப்பிப் பார்த்தாள். அதிலும் வட்டம், அதிலும் கோடுகள், கூடவே ஒரு மெல்லிய மூன்றாவது கோடு துடித்துத் துடித்துச் சுற்றிக்கொண்டிருந்தது. அதுவும் வாயைத் திறக்கவில்லை. பரீட்சை மண்டபத்தில் இப்படிப்பட்ட படங்களை அவள் எத்தனையோ பிடித்திருக்கிறாள். கோடு சுத்தமாக இருக்கும், அளவு பிசகாது, ஆனால் அந்தப் பிள்ளை உட்கார்ந்திருக்கும் இடத்திலிருந்து அந்தப் பொருள் அப்படித் தெரியவே தெரியாது. அடுத்த பெஞ்சைப் பார்த்து வரைந்தது. மற்றவர்கள் அழகாயிருக்கிறது என்று மார்க் போடுவார்கள். ஞானவடிவு தாளைத் திருப்பி வைத்துப் பெரிய சுழி போடுவாள். இதுவும் பார்த்து வரைந்ததுதான். முன்பு ஞானவடிவு என்று ஒருத்தி இருந்தாள், அவள் பெஞ்சைப் பார்த்து வரைந்தது. இதற்குச் சுழிதான் போட வேண்டும் பெண்ணே, நீ ஏமாந்துவிட்டாய், எத்தனை மணி என்று என்னைக் கேள், அதைக் கேட்க உனக்கு ஏன் தோன்றவில்லை. வாய் திறந்தது. "ஏதாவது சொல்லணுமா டீச்சர்?" என்று பெண் கேட்டாள். சொன்னால் இவள் முகத்தில் இப்போதிருக்கும் வியப்பு போய்விடும். அந்த இடத்தில் இரக்கம் வந்து உட்காரும். இனிமேல் எல்லா முகங்களிலும் அதுதான் உட்காரும். "பென்சிலைச் சீவி வை. அடுத்து வருகிறவர்களுக்காவது உதவும்" என்றாள். உள்ளறையில் டாக்டர் தாள்களைப் புரட்டினார். வயதுக்கு உரிய மறதிதான், பயப்பட ஒன்றுமில்லை, நன்றாகத் தூங்குங்கள், ஆறு மாதம் கழித்து வாருங்கள் என்றார். கடைசித் தாளில் கொஞ்சம் நின்று, நீங்கள் வரைந்ததா என்று கேட்டார். ஆம் என்று தலையசைத்தாள். அது ஒரு பொய் என்பதை அந்த அறையில் அவள் ஒருத்தி மட்டுமே அறிந்திருந்தாள்.

டாக்டரிடம் விவரம் கேட்டு வந்த ஆசீரின் முகம் நடைக்கூடத்தில் விரிந்திருந்தது. இந்தமுறை கண்ணும் சிரித்தது. "பாத்தீங்களா, நான் அப்பவே சொன்னேன். வாத்தியார் மூள, அவ்வளவு லேசுல துருப்பிடிச்சிருமா" என்று சொல்லிக்கொண்டே ஃபோனை எடுத்தான். யாருக்கு என்று அவள் கேட்பதற்குள், "பேச்சியக்கா, ஆசீர் பேசுதேன். ஒண்ணுமில்லயாம்க்கா, டாக்டரே சொல்லிட்டாரு, அம்மா போட்ட படத்தப் பாத்து அசந்துட்டாங்களாம். இந்தா, அம்மாட்டயே பேசுங்க" என்று அவள் காதில் வைத்தான். மறுபுறத்தில் குக்கர் விசிலடித்தது, பேச்சியம்மாள் யாரையோ அடுப்பை அணைக்கச் சொன்னாள், பிறகு மூச்சு வாங்கியபடி வந்தாள். "டீச்சர், நாந்தான். அன்னைக்கு வாசல்ல நின்னு வாய்க்கு வந்தபடி பேசிட்டேன் டீச்சர், மனசுல வச்சிக்கிடாதீங்க. இவ என்னப் போட்டுப் பிடுங்குதா டீச்சர், எப்பம் போணும் எப்பம் போணும்னு. விரல்ல அடிச்சது வலிச்சிச்சான்னு கேட்டா, தப்பா வரைஞ்சேன் அடிச்சாங்கங்கா. சனிக்கிழமை அனுப்பட்டுமா?" தப்பாக வரைந்தாளாம். அதையாவது திருத்த வேண்டும், நீ வரைந்தது சரி என்று அந்தப் பிள்ளையிடம் சொல்ல வேண்டும், அதற்காகவாவது ஒரே ஒரு சனிக்கிழமை, கதவைத் திறந்து வைத்து, சாவியை எங்கோ தூக்கிப் போட்டுவிட்டு, பெற்றோர் ஒருவரைப் பக்கத்தில் உட்காரவைத்து. மனசு எவ்வளவு வேகமாகப் பேரம் பேசுகிறது. அடுத்த சனிக்கிழமைக்கு அடுத்த சனிக்கிழமையும் இப்படித்தான் பேரம் பேசும். ஃபோனுக்குள் பின்னாலிருந்து பிள்ளையின் குரல் கேட்டது: என்ன சொல்லுதாங்கம்மா, என்ன சொல்லுதாங்க. "அனுப்பாதே" என்றாள் ஞானவடிவு.

ஆசீர் திடுக்கிட்டு நிமிர்ந்தான். "யாரையும் அனுப்பாதே, பேச்சி. மற்றப் பிள்ளைகளின் வீட்டிலும் நீயே சொல்லிவிடு. வகுப்பு இனி இல்லை. அனுசியாவிடம் அவள் போட்ட நிழல் சரி என்று நான் சொன்னதாகச் சொல். தப்பு அவளுடையதல்ல என்று சொல்." பேச்சியம்மாளின் குரல் தழுதழுத்தது. "டீச்சர், இன்னும் கோவம் போகலையா? நான் வேணும்னா வந்து கால்ல விழுதேன் டீச்சர். நான் பேசுனதுக்குப் பிள்ளைய ஏன் தண்டிக்கீங்க?" கோபம். அவள் அப்படி எடுத்துக்கொண்டாள். வேறெப்படி எடுத்துக்கொள்வாள், டாக்டரே ஒன்றுமில்லை என்ற பிறகு? காரணத்தைச் சொல்வதற்கு ஒரு வாக்கியம் போதும். அது தொண்டைக்குழி வரை வந்து நின்றது, இலக்கணப் பிழையில்லாமல், எழுவாய் பயனிலையோடு. ஞானவடிவு அதை விழுங்கினாள். "ஆமாம், கோபந்தான்" என்று சொல்லி ஃபோனை மகனிடம் நீட்டினாள். அவன் அதை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு அவளையே பார்த்தான். "பாவம் அந்தப் பிள்ளை. சே, என்ன வீம்பும்மா உங்களுக்கு. சாவுற வரைக்கும் இத விட மாட்டீங்க" என்றான். வெறுப்போடு முகத்தைத் திருப்பிக்கொண்டு படிக்கட்டை நோக்கி நடந்தான். வீம்பு என்று ஊரார் சொன்னபோதெல்லாம் அவளுக்குச் சுருக்கென்று தைத்திருக்கிறது, நியாயத்தைப் போய் இப்படிச் சொல்கிறார்களே என்று. இன்று தைக்கவில்லை. போர்த்திக்கொள்ள அது ஒன்றாவது மிச்சமிருந்தது. புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, நிமிர்ந்த கழுத்தோடு, அவன் எந்தப் பக்கம் திரும்புகிறான் என்பதை மட்டும் கண்கொட்டாமல் பார்த்தபடி, ஞானவடிவு அவனுக்குப் பின்னால் நடந்தாள்.